சாம்சன் கியூ2யூ மைக்: சம்பள வேலையை விடுவதற்கு முன் வாங்க வேண்டியது

பாட்காஸ்ட் தொடங்க எந்த மைக் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களில் பல பேருக்கு மனசில் ஓடுவது இன்னொரு கேள்வி. இதை வைத்துப் பிழைக்க முடியுமா, இல்லை சனி, ஞாயிறில் செய்கிற ஆசை வேலையாகவே வைத்துக்கொள்வதா? மைக்கைப் பற்றிக் கேட்பது சுலபம், அதனால் அதில் தொடங்குகிறார்கள். நான் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சாம்சன் கியூ2யூவை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வதற்குக் காரணமே அந்த இரண்டாவது கேள்விதான்.

நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், அடுக்குமாடி வீட்டில். பகலில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. மற்ற நேரத்தில் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களைத் தேடிப் போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்து பாட்காஸ்டாகப் போடுகிறேன். ரவாங், கோல சிலாங்கூர், பந்திங் பக்கமெல்லாம் போவதுண்டு. ஆகவே என் மைக் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் மைக் இல்லை, பையில் ஏறி இறங்கும் மைக். கேமிங் பேசுபவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் நான் சொல்வதில் பாதி பொருந்தாமல் போகலாம்.

சரி, பொருளுக்கு வருவோம். கியூ2யூ ஒரு டைனமிக் மைக். பார்க்க மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் மைக் போலவே இருக்கும், உடம்பில் ஆன் ஆஃப் சுவிட்ச் ஒன்று. அதன் அடிப்பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே ஒரு யூஎஸ்பி, ஒலிக்கருவிகளில் மாட்டுவதற்கான எக்ஸ்எல்ஆர் ஒன்று, ஹெட்ஃபோன் மாட்ட ஒரு துளை. யூஎஸ்பி வயரை லேப்டாப்பில் செருகினால் வேறு எந்தப் பெட்டியும் தேவையில்லை, உடனே பதியலாம். நாளைக்கு மிக்சரோ ரெக்கார்டரோ வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் வழியாக அதில் மாட்டிக்கொள்ளலாம். ஹெட்ஃபோனை மைக்கிலேயே செருகிக் கேட்பதால் உங்கள் குரல் தாமதமில்லாமல் காதுக்கு வரும். பெட்டிக்குள் சின்ன மேசை ஸ்டாண்ட், பஞ்சு மூடி, இரண்டு வகை வயரும் இருக்கும். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் இரண்டு மாடி ஏறி இறங்கி விசாரித்துவிட்டு, இணையக் கடை விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோலாலம்பூரில் வீட்டில் பதிகிறவர்களுக்கு ஏன் டைனமிக் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கண்டென்சர் மைக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ப்ளூ யெட்டி மாதிரி. அது நல்ல மைக், சந்தேகமே இல்லை, அமைதியான அறை இருந்தால் குரலை அழகாக எடுக்கும். நம் வீடுகளில் அமைதியான அறை எங்கே இருக்கிறது? கீழே மோட்டார்சைக்கிள், எதிர் புளோக்கில் யாரோ சுவரைத் துளைக்கிறார், ஐந்து வேளையும் தொழுகை அழைப்பு, மாலையானால் கோயில் மணி, சாயங்கால இடி மழை. விசிறியை நிறுத்தினால் பத்தாவது நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். கண்டென்சர் இத்தனையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். டைனமிக் மைக் வாய்க்கு முன்னால் இருப்பதை நன்றாகவும் தூரத்தில் இருப்பதை மங்கலாகவும் எடுக்கும். எங்கள் வீட்டில் விசிறியை ஒன்றில் வைத்து, துணி அலமாரியைத் திறந்து, அதைப் பார்த்து உட்கார்ந்து பேசினால் போதும். அலமாரியில் தொங்கும் புடவையும் சட்டையும் எதிரொலியை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் இந்த மைக் நெருக்கம் கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடைதான் இடைவெளி. இரண்டு முழம் தள்ளி வைத்துவிட்டு, குரல் சன்னமாக வருகிறது என்று சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். பெரியவர்களைப் பதிவு செய்யும்போது இதுதான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. சோபாவில் உட்கார வைத்தால் பேச்சு சூடு பிடிக்கும்போது பின்னால் சாய்ந்துவிடுவார்கள், குரல் தூரம் போய்விடும். அதனால் இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசை நாற்காலிதான், முழங்கை மேசை மேல். மைக்கை நேராக வாய்க்கு முன்னால் வைக்காமல் கன்னத்துப் பக்கமாகச் சாய்த்து வைப்பேன்.

சாய்த்து வைப்பதற்குக் காரணம் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு பாட்டி. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன கதையைச் சொன்னார். விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களம், பேர் கொடுப்பது, பட்டை சீவுவது, பால் எடுப்பது, பால் ஸ்டோருக்குக் காண்டா வாளியில், அதாவது தோள்கட்டையில் தொங்கும் வாளியில், தூக்கிக்கொண்டு போவது. கவனியுங்கள், தோட்டத்துப் பேச்சில் பாதிச் சொற்கள் பகரத்தில் தொடங்குகின்றன. ஒவ்வொரு பகரத்துக்கும் வாயிலிருந்து காற்று குபீரென்று வந்து மைக்கில் மோதும். கூடவே வரும் பஞ்சு மூடி இதைக் கொஞ்சம் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. மைக்கைப் பக்கவாட்டில் திருப்பியதும் "பிரட்டு" என்ற சொல் அவர் சொன்ன மாதிரியே, அந்த அதட்டலோடு விழுந்தது. பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உருட்டிக் கூடையில் போடுவது எப்படி என்று சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது, அதையும் மைக் விடவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஜிங்க் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தோம்.

அதே பாட்டிதான், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக வந்து ஆளுக்குப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், கேட்ட காலத்தையும் சொன்னார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கவேண்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, பத்து வெள்ளி அதற்குத்தான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் பேர் வைத்த ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் நடக்கிற எத்தனை பேருக்கு அந்தப் பத்து வெள்ளி தெரியும்? நான் இந்த வேலையைச் செய்வதே இதற்காகத்தான், அதனால் மைக்கைப் பற்றி எழுதும்போது இது வந்துவிடுகிறது.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். மேசை ஸ்டாண்ட் குட்டையானது, மைக் வாய்க்கு எட்டாது, குனிந்து பேச வேண்டியிருக்கும். ஒரு கை ஸ்டாண்ட் தனியாக வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் நான்கு தடிப் புத்தகத்தை அடியில் வையுங்கள். மைக்கைக் கையில் பிடித்தால் விரல் அசைவு கேட்கும். சுவிட்சைத் தள்ளினால் 'டக்' என்று விழும், பதிவு ஓடும்போது அதைத் தொடாதீர்கள். 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும், பாட்டுப் பதிய நினைப்பவர்கள் வேறு பாருங்கள். பேச்சுக்கு இது தாராளம்.

முக்கியமான குறை ஒன்று உண்டு, அது எல்லா யூஎஸ்பி மைக்குக்கும் உள்ளதுதான். இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டி இரண்டு குரலையும் தனித்தனியாகப் பதிவது தலைவலி. விருந்தாளியோடு பேசும் பாட்காஸ்ட் என்றால் சீக்கிரமே இந்த இடத்தில் வந்து நிற்பீர்கள். இங்கேதான் எக்ஸ்எல்ஆர் கைகொடுக்கிறது. இரண்டாவது கியூ2யூ ஒன்றை வாங்கி, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி இரண்டு மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியிலோ ஜூம் எச்5 மாதிரி எக்ஸ்எல்ஆர் உள்ள ரெக்கார்டரிலோ மாட்டினால் முடிந்தது. பழைய மைக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தொழிலா பொழுதுபோக்கா என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு இந்த மைக்கைச் சொல்வது இதனால்தான். முடிவு எப்படிப் போனாலும் போட்ட காசு வீணாகாது.

யூடியூபில் பெரிய ஆட்கள் முன்னால் நிற்கும் ஷூர் எஸ்எம்7பியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அமெரிக்காவிலேயே அது ஏறக்குறைய 400 டாலர். ஷூர் நிறுவனமே அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் திறன், வேண்டும் என்கிறது, மலிவான பெட்டிகள் அதைக் கொடுக்கத் திணறும், அப்புறம் அதற்கு ஒரு பூஸ்டர், அதற்கு ஒரு வயர் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பணத்தைத் தொழிலுக்கான முதலீடு என்று சொல்லிக்கொள்ளும் முன் தொழில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்ப்போம். கணக்கு வேலை செய்கிறவன், கணக்குப் போடாமல் விடமுடியவில்லை. அமெரிக்காவில் பாட்காஸ்ட் விளம்பரத்துக்கு ஆயிரம் கேட்புக்கு 20 டாலரை ஒட்டிப் பேசுகிறார்கள். அந்த விலையே இங்கே கிடைப்பதாக வைத்துக்கொள்வோம், டாலருக்கு 4 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பகுதியை 300 பேர் கேட்டால் 6 டாலர், அதாவது 24 ரிங்கிட். இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் தீர்ந்துவிடும். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அதைத் தொடவே மாதம் 21,000 கேட்புக்கு மேல் வேண்டும், அத்தனையிலும் விளம்பரம் விற்றிருக்க வேண்டும். இந்த நாட்டில் இந்தியர்கள் மொத்தமே ஏறக்குறைய 20 லட்சம் பேர், அதில் தமிழில் பாட்காஸ்ட் தேடிக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே யோசியுங்கள்.

யூடியூப் பக்கம் போனால் முழு விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அரை மணி நேரப் பகுதியை 8,000 தடவை முழுக்கப் பார்த்தால்தான் 4,000 மணி நேரம் வரும். அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் வருமானத்தில் 30 விழுக்காடு வரியாகப் பிடித்துக்கொள்வார்கள், மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வரியைக் குறைக்கும் ஒப்பந்தம் இல்லாததால் இது குறையாது. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் நேயர்களைச் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை ஏறும், உண்மைதான். ஆனால் அவர்களுக்காகப் பேசத் தொடங்கினால் கித்தா, கிராணி, தண்டல், மங்கு என்று தோட்டத்துச் சொல் ஒவ்வொன்றையும் நிறுத்தி விளக்க வேண்டும், பாட்டியின் பேச்சு அறுந்துபோகும். எனக்கு அதில் மனசில்லை.

அப்படியானால் இதில் யாருக்குமே சம்பாத்தியம் இல்லையா? இருக்கிறது, வேறு வழியில் வருகிறது. எனக்குத் தெரிந்து இதில் காசு பார்ப்பவர்களுக்குப் பாட்காஸ்ட் ஒரு மாதிரிப் பொருளாக வேலை செய்கிறது. அதைக் கேட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு அறிவிப்பாளராகக் கூப்பிடுகிறார்கள், விளம்பரத்துக்குக் குரல் கேட்கிறார்கள், ஏதாவது நிறுவனம் தன் பேச்சுகளை வெட்டி ஒட்டித் தரச் சொல்கிறது. தீபாவளி நெருங்கினால் புடவைக் கடையும் கேட்டரிங்காரர்களும் விளம்பரம் தருவார்கள், மற்ற மாதங்களில் தேடிப்போக வேண்டும். பாட்காஸ்டைத் தொழில் ஆக்க நினைப்பவர் இந்த வேலைகளில் தனக்கு ருசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலிகளில் சேர ஆசை இருந்தாலும் நல்ல பதிவுகள் சில கையில் இருப்பது பலம். இந்த எல்லா வேலைக்கும் கியூ2யூவின் தரம் போதும், குரல் விளம்பரம் ஒன்றுக்கு மட்டும் ஸ்டூடியோ கேட்பார்கள்.

ஸ்டூடியோ என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்டாலிங் ஜெயா பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஓர் இடத்துக்கு ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு போனேன். அருமையான மைக், அருமையான சுவர், ஏர்கான் சத்தமே இல்லை. பெரியவரின் அப்பா ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர். அந்தக் கதையின் வாசலுக்கு அவர் வந்து சேரவே நேரமாகிவிட்டது, அப்போது பார்த்து நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டினார்கள். பத்து நிமிடம் கூடக் கேட்டேன், அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றார்கள். அவர்கள் பிழைப்பு அது, இருந்தாலும் எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டுக்கே போய் இந்த மைக்கை மேசையில் வைத்தேன். அவருக்குப் பிடித்த நாற்காலி, பக்கத்தில் பேத்தி. அப்பா திரும்பி வந்தபோது எப்படி இருந்தார் என்பதை அவசரமில்லாமல் சொன்னார். ஒலித் தரத்தில் ஸ்டூடியோ பதிவு ஒரு படி மேல்தான். நான் வெளியிட்டது வீட்டுப் பதிவை.

பதிந்த பிறகு செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், அதில் சத்தத்தைச் சீராக்கும் வசதியும் இருக்கிறது. ஆப்பிள் பரிந்துரைப்பது மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு), அதில் வைத்தால் மோனோரயிலில் கேட்கிறவருக்கும் காதில் விழும். ஏற்றி வைக்க ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இலவசம், முன்பு ஆங்கர் என்று இருந்ததுதான். இலவசம் என்பதற்காக மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது, பெரிய நிறுவனம் நடத்துகிறது என்பதால் எதுவும் நிரந்தரம் இல்லை. அசல் பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. என் பாட்காஸ்டை அதிகமாகக் கேட்பவர்கள் செயலிக்குள் கேட்பதில்லை. பேரப்பிள்ளைகள் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது தாமான் தாமானாக, குடியிருப்புக் குடியிருப்பாகப் போகிறது. எந்தக் கணக்கிலும் ஏறாது. தொழிலாகப் பார்த்தால் இது இழப்பு, விளம்பரம் தருகிறவரிடம் காட்ட எண் இல்லை. என் வேலையாகப் பார்த்தால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. யாருக்காகச் செய்கிறோம் என்பதில் தெளிவு இருந்தால் அந்தப் பெரிய கேள்வி பாதி தீர்ந்துவிடும் என்று நான் நம்புவது இதைப் பார்த்துத்தான்.

அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவரின் தம்பி போன மாதம் வந்து கேட்டார்: "அண்ணே, வேலையை விட்டுட்டு முழு நேரமா இதுல எறங்கலாம்னு பாக்குறேன், என்ன சொல்றீங்க?" பிள்ளைக்கு நல்ல குரல், பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுகிறார், உழைக்கத் தயங்காதவர். நான் சொன்னது: "தம்பி, வேலைய விடாதீங்க. இந்த மைக்க வாங்கி ஒரு வருசம் வாராவாரம் போடுங்க. நிக்காம போட முடியுதான்னு பாருங்க. அதுக்குள்ள யாராவது உங்களத் தேடி வந்து காசு குடுத்து ஒரு வேலை சொன்னா, அப்ப பேசுவோம்." தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் வாடகையும் கார் தவணையும் கட்டுகிற பிள்ளைக்கு வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காசு வரத் தொடங்கினால் ஒழுங்காகச் செய்யுங்கள். வியாபாரங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பேரில் பதிய வருடத்துக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பேர் வைத்தால் 60. வியாபார வருமானம் இருந்தால் வருமான வரிக்கு, சம்பளக்காரர்கள் நிரப்பும் பிஇ பாரம் போய் வியாபாரம் செய்கிறவர்கள் நிரப்பும் பி பாரம் வரும். சம்பள வேலையில் இருக்கிறவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தில் பக்க வேலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எனக்கு இது தொழில் ஆகாது, ஆகவும் வேண்டாம். சம்பளம் வருகிறது, அதனால் எந்தப் பெரியவரையும் எத்தனை மணி நேரமும் பேச விடலாம். நடுவில் விளம்பரத்துக்கு வெட்ட வேண்டியதில்லை. அவசரமும் இருக்கிறது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்து வேலை செய்த அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பாட்காஸ்ட் போடாவிட்டாலும் பரவாயில்லை, குரலைப் பதிந்து வையுங்கள். மைக் இல்லாவிட்டால் கைப்பேசியே போதும்.

மைக்குக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணை அந்தக் குட்டை ஸ்டாண்டுக்காகக் குறைத்தேன். வாங்குகிறவர்கள் இன்னொன்றைப் பாருங்கள். பழைய இருப்பில் யூஎஸ்பி துளை மினி வகை, புதிதாக வருவதில் டைப் சி. புதிய லேப்டாப்போ கைப்பேசியோ வைத்திருக்கிறவர்கள் கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி டைப் சி உள்ளதையே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மைக் எடுக்கும்போது வேறு பிராண்டுக்குப் போகாமல் இதையே எடுங்கள், இரண்டு குரலும் ஒரே தன்மையில் வரும், வெட்டி ஒட்டும்போது நேரம் மிச்சம்.